பூமிக்கடியில் இருப்பவர்களுக்கு ஆபத்தை எப்படிச் சொல்வது?

கேள்வி இது: "ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் நூற்றுக்கணக்கானோர் ஆளுக்கொரு மூலையில் வேலை செய்கிறார்கள். அங்கே செல்போன் எடுக்காது. பாறையில் துளைபோடும் சத்தத்தில் சைரன் காதில் விழாது. உள்ளே தீப்பிடித்தால் அத்தனை பேருக்கும் எப்படித் தெரியும்? என் தம்பி ஒரு சுரங்கத்தில் வேலைக்குச் சேரப்போகிறான், அவன் எதையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்?"

உலகின் பல உலோகச் சுரங்கங்களில் அந்தச் செய்தி மூக்கு வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டில் சமையல் கேஸ் கசிந்தால் அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை வருமே, அது எரிவாயுவின் சொந்த வாடை இல்லை. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைத் துளியளவு கலந்துவிடுகிறார்கள். சுரங்கத்திலும் அதையோ அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றையோதான் பயன்படுத்துகிறார்கள். காற்றில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். அந்த அளவில் உடம்புக்குத் தீங்கும் கிடையாது. மேலே, சுரங்கத்துக்குள் காற்று நுழையும் இடத்தில், இதை அடைத்த சிலிண்டர் தயாராக இருக்கும். அவசரம் என்றால் வால்வைத் திறந்துவிடுவார்கள். உள்ளே போகும் காற்றோடும், துளைபோடும் கருவிகளை ஓட்டுகிற அழுத்தக் காற்றுக் குழாய்களோடும் வாடை பரவும். எங்கே ஒருவர் டிரில் பிடித்து நிற்கிறாரோ அங்கே குழாய் போயிருக்கும், ஆகவே வாடையும் போகும். காதடைப்பான் போட்டிருந்தாலும், இருட்டில் தனியாக இருந்தாலும், எந்த மொழி பேசுபவராக இருந்தாலும் செய்தி புரியும். வேலையை நிறுத்து, கருவியைக் கீழே வை, கிளம்பு. பல மாநிலங்களிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து சேரும் சுரங்கங்களில் மொழி தேவைப்படாத எச்சரிக்கையின் மதிப்பு மிகப் பெரியது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1917-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் பியூட் நகரில் ஸ்பெக்குலேட்டர் சுரங்கத்தில் தீப்பிடித்து 168 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது நெருப்பு இல்லை, சுரங்கமெங்கும் பரவிய நச்சுக்காற்று. அதற்குச் சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1920 வாக்கில், வாடையால் எச்சரிக்கும் முறையைப் பற்றிய ஆய்வை அந்நாட்டு அரசின் சுரங்கத் துறை வெளியிட்டுவிட்டது. நூறு ஆண்டுகள் கடந்தும் அந்த முறை புழக்கத்தில் இருக்கிறது. காரணம் அதன் எளிமை. அறுந்துபோகக் கம்பி இல்லை, தீர்ந்துபோக பேட்டரி இல்லை.

ஆனால் வாடை காற்றின் வேகத்தில்தான் போகும். ஒரு பாதையில் காற்று நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருப்பவரை அடைய பதினேழு நிமிடம் ஆகும். காற்று மந்தமான மூலைகளில் இன்னும் அதிகம். புகையும் அதே காற்றில்தான் வந்துகொண்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. புகையில் இருக்கும் நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு ஒரு சதவீதத்தைத் தாண்டிய காற்றில் மனிதர் சில நிமிடங்களே தாங்குவார். ஆகவே வால்வைத் திறப்பதில் தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும், கடைசி வெட்டுமுனையில் நிற்பவரின் தப்பிக்கும் நேரத்திலிருந்து கழிகிறது. வாடைக்கு வேறு குறைகளும் உண்டு. தீ எங்கே, எந்தப் பக்கம் போகலாம் என்று அது சொல்லாது. புதிய மின் நீரழுத்த டிரில்கள் வந்த இடங்களில் அழுத்தக் காற்றுக் குழாய்களே குறைந்துவிட்டன. சளி பிடித்தவருக்கும், நுகரும் திறன் இழந்தவருக்கும் எட்டாது.

தாமதம் எங்கே நுழைகிறது என்பதைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 1972 மே 2, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம், சன்ஷைன் வெள்ளிச் சுரங்கம். அன்று உள்ளே 173 பேர். பகல் 11.40-ஐ ஒட்டிய நேரத்தில் புகை கண்ணில் பட்டது. அந்தச் சுரங்கத்தில் வாடை எச்சரிக்கை இருந்தது. ஆனால் அதைத் திறந்துவிட்டபோது பன்னிரண்டு மணி தாண்டியிருந்தது. நடுவே போன இருபது நிமிடமும், புகை எங்கிருந்து வருகிறது, எவ்வளவு பெரிது, ஆட்களை வெளியேற்றத்தான் வேண்டுமா என்று பார்த்துவரப் போனது. நிர்வாகத்தின் மேல்மட்டத்தினர் அன்று வேறொரு ஊரில் பங்குதாரர் கூட்டத்தில் இருந்தார்கள். வெள்ளிச் சுரங்கத்தில் எரிய என்ன இருக்கிறது என்ற நம்பிக்கையும் எல்லோரிடமும் இருந்தது. எரிய நிறைய இருந்தது: முன்பு தோண்டிக் கைவிட்ட பழைய வெட்டுகளில் விடப்பட்ட மரத்தூண்கள், தடுப்புச்சுவர்களில் பூசிய பாலியூரித்தேன் நுரை. போதாததற்கு, வெளியேற வேண்டிய புகைக்காற்று, ஆட்கள் சுவாசிக்கும் காற்றோடு கலந்து மறுபடி உள்ளேயே சுற்றியது. 91 பேர் இறந்தார்கள். 80 பேர் அன்றே வெளியே வந்தார்கள். ஒரு வாரம் கழித்து, காற்று நன்றாக இருந்த ஓர் ஆழத்தில், மேலும் இரண்டு பேர் உயிரோடு கிடைத்தார்கள்.

கருவி இருந்தது, அது வேலையும் செய்தது. அதைத் திறக்கும் துணிவு உடனே யாருக்கும் வரவில்லை. எச்சரிக்கை அமைப்பு என்றதும் நாம் சென்சாரையும் ரேடியோவையும் பற்றியே பேசுகிறோம். நான் முதலில் பார்ப்பது, "நிறுத்து, எல்லோரும் வெளியே போ" என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். ஷிப்டைத் தவறாக நிறுத்திவிட்டால் உற்பத்தி நஷ்டத்துக்குத் தன்மேல் பழி விழும் என்று அஞ்சுகிற மேற்பார்வையாளர் எங்கே இருந்தாலும், அங்கே எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் இருபது நிமிடம் தாமதமாகத்தான் ஒலிக்கும்.

இதற்கு நேரெதிரான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2002 ஜூலை 24 இரவு, பென்சில்வேனியாவின் க்யூக்ரீக் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒன்பது பேர் கொண்ட குழு நிலக்கரியை வெட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில், எப்போதோ கைவிடப்பட்டு நீர் நிரம்பிக் கிடந்த பழைய சுரங்கத்தின் சுவரை அவர்கள் இயந்திரம் உடைத்துவிட்டது. அந்தப் பழைய சுரங்கத்தின் கடைசி வரைபடம் இவர்களிடம் இல்லை. தண்ணீர் பாய்ந்த உடனே அவர்கள் முதலில் செய்தது, சுரங்கத் தொலைபேசியில் இன்னொரு பகுதியில் வேலை செய்த மற்ற ஒன்பது பேருக்குச் சொன்னது. அந்த ஒன்பது பேர் ஏறும் நீருக்கு முன்னே ஓடி வெளியே வந்துவிட்டார்கள். சொன்னவர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். மேலிருந்து துளையிட்டு நான்கு நாட்களில் அவர்களையும் தூக்கிவிட்டார்கள், அது தனிக்கதை. ஒரு சாதாரண கம்பித் தொலைபேசி ஒன்பது உயிரைக் காப்பாற்றியது. கண்டவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் சொன்னார், கேட்டவர் உறுதிப்படுத்திக்கொள்ளக் காத்திருக்காமல் ஓடினார்.

இந்திய நிலக்கரிச் சுரங்கங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாக மைனிங் சர்தார் என்று ஒருவர் இருப்பார், அவருக்கு மேலே ஓவர்மேன். ஆபத்து தெரிந்தால் ஆட்களை உடனே வெளியேற்றுவது இவர்களின் சட்டக் கடமை. மேனேஜரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று விதி சொல்லவில்லை. விதி சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. அப்படி ஒருமுறை வெளியேற்றி, பிறகு ஒன்றுமில்லை என்று தெரியவந்தால் அந்தச் சர்தாரை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஒரு சுரங்கத்தின் உண்மையான பாதுகாப்பு தெரியும். அவரைத் தட்டிக்கொடுக்கிற நிர்வாகம் வேண்டும்.

இனி ரேடியோ. செல்போன் அலை பாறைக்குள் சில மீட்டரிலேயே மடிந்துபோகும். அதிர்வெண் குறையக் குறைய அலை பாறையை ஊடுருவும். நொடிக்குச் சில நூறு, சில ஆயிரம் அதிர்வுகள் என்ற அளவுக்கு இறங்கினால் நூற்றுக்கணக்கான மீட்டர் பாறையைத் தாண்டும். ஆனால் அவ்வளவு குறைந்த அதிர்வெண்ணில் குரலை நன்றாக ஏற்ற முடியாது, சிறிய எழுத்துச் செய்திதான் போகும். அனுப்புவதற்கு மேலே மிகப் பெரிய கம்பிச் சுருள் வேண்டும். அதைத் தொழிலாளி இடுப்பில் கட்டிக்கொள்ள முடியாதே, ஆகவே பதில் அனுப்ப முடியாது. ஆஸ்திரேலியாவில் உருவான பெட் (PED) என்ற கருவி இந்த வகை. மேலிருந்து செய்தி அனுப்பினால் தொப்பி விளக்கு விட்டுவிட்டு எரியும், இடுப்பில் இருக்கும் சின்னத் திரையில் வாசகம் வரும். 1998 நவம்பரில் யூட்டா மாநிலத்தின் வில்லோ க்ரீக் நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பற்றியபோது இந்த முறையில்தான் செய்தி போனது. உள்ளே இருந்தவர்கள் பத்திரமாக வெளியே வந்தார்கள்.

இப்படி ஒரு கருவி அமெரிக்கச் சுரங்கத்திலேயே பயன்பட்ட பிறகும், 2006 ஜனவரி 2 அன்று மேற்கு வர்ஜீனியாவின் சேகோ சுரங்கத்தில் வெடிப்பு நடந்தபோது உள்ளே இருந்தவர்களோடு பேச வழியே இல்லை. வெடிப்பில் தொலைபேசிக் கம்பி போயிற்று. சிக்கியவர்கள் திரைச்சீலை கட்டிப் புகையைத் தடுத்து உட்கார்ந்தார்கள். கூரையில் பதித்த போல்ட்டைச் சுத்தியலால் மாறி மாறி அடித்தார்கள். அந்த அதிர்வை மேலே கருவி வைத்து யாராவது கேட்பார்கள் என்பது அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்டிருந்தது. மேலே கேட்கும் கருவி வைக்கப்படவே இல்லை. ஆளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கான ஆக்சிஜன் கருவி மட்டும் கையில். மீட்புக் குழு போய்ச் சேர நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 12 பேர் இறந்தார்கள், ஒருவர் பிழைத்தார். காத்திருந்த குடும்பங்களுக்குப் பன்னிரண்டு பேர் உயிரோடு இருப்பதாகத் தவறான செய்தி போய், மூன்று மணி நேரம் கழித்துத்தான் உண்மை சொல்லப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

அதே ஆண்டு ஜூனில் அமெரிக்கா மைனர் (MINER, சுரங்கத் தொழிலாளி) சட்டம் என்ற புதுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நிலக்கரிச் சுரங்கங்களில் இருவழிக் கம்பியில்லாத் தொடர்பும், யார் எங்கே இருக்கிறார் என்று காட்டும் மின்னணு அமைப்பும் மூன்று ஆண்டுகளுக்குள் வரவேண்டும் என்றது. இப்போது பரவலாக இருப்பது இரண்டு வகை. ஒன்று, லீக்கி ஃபீடர். மேலுறையில் வேண்டுமென்றே இடைவெளிகள் விட்ட கேபிளைச் சுரங்கப் பாதை முழுக்க இழுத்திருப்பார்கள், அந்த இடைவெளிகள் வழியே ரேடியோ அலை கசியும், அருகில் நின்று வாக்கிடாக்கியில் பேசலாம். மற்றது, ஆங்காங்கே பேட்டரியோடு நிறுத்திய சிறு நிலையங்கள் செய்தியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடத்துவது. அதில் ஒன்று அழிந்தாலும் செய்தி வேறு வழியாகச் சுற்றிப் போகும். கேபிள் ஒரே பக்கமிருந்து மட்டும் இணைக்கப்பட்டிருந்தால், அது அறுந்த இடத்துக்கு அப்பால் இருக்கிற எல்லோரும் மௌனமாகிவிடுவார்கள். இரண்டு முனைகளிலும் இணைப்பு இருக்கிறதா என்று கேட்பது நல்ல கேள்வி.

ஆபத்தை முதலில் மோப்பம் பிடிக்கும் சென்சார்கள் இன்று நன்றாகவே முன்னேறிவிட்டன. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் கன்வேயர் பெல்ட் ஓரம் வைக்கும் கார்பன் மோனாக்சைடு சென்சார், வழக்கமான அளவைவிட பத்து லட்சத்தில் 5 பங்கு கூடினாலே முன்னெச்சரிக்கை தரவேண்டும், 10 கூடினால் அலாரம் அடிக்கவேண்டும். பெல்ட் உருளை ஒன்று சூடேறிப் புகையத் தொடங்கும் நிலையிலேயே தெரிந்துவிடும். ஆனால் சென்சாரின் வாயைக் கட்டிவிடலாம். 1992 மே 9 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வெஸ்ட்ரே சுரங்கம் வெடித்து 26 பேர் இறந்தார்கள். அங்கே வெடிக்கக்கூடிய மீத்தேன் வாயுவை அளக்கும் கருவி செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது விசாரணையில் வெளிவந்தது.

2010 ஏப்ரல் 5 அன்று 29 பேர் இறந்த அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம், மறுபடி மேற்கு வர்ஜீனியா. அரசு ஆய்வாளர் வாயிலில் வந்து நின்றால், அந்தச் செய்தி ரேடியோவிலும் தொலைபேசியிலும் கீழே இருக்கும் மேற்பார்வையாளர்களுக்கு உடனே போகிற வழக்கம் அங்கே இருந்தது. ஆய்வாளர் இறங்குவதற்குள் குறைகளை மூடிவிடலாம் அல்லவா? அந்தத் தகவல் அமைப்பு ஒரு நாளும் தவறியதில்லை போலும். தொழிலாளிகளைக் காக்கவேண்டிய கம்பி அவர்களுக்கு எதிராகப் பயன்பட்டது. நிறுவனத்தின் தலைமை அதிகாரி பின்னாளில் பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்ததாகத் தண்டிக்கப்பட்டு ஓராண்டு சிறைக்குப் போனார்.

எல்லா ஆபத்துக்கும் வாடையோ அலாரமோ உதவாது. இந்தியாவில் பெரும்பலி வாங்கிய விபத்துகளில் பல தண்ணீரால் வந்தவை. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலாவில் மேலே தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு இறங்கியதில் 370-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவ்வளவு நீர் வரும்போது அலாரம் அடித்து ஆவதற்கு ஏதுமில்லை. அங்கே எச்சரிக்கை என்பது சரியான வரைபடம். பழைய வெட்டுகளிலிருந்து 60 மீட்டருக்குள் அனுமதியில்லாமல் நெருங்கக் கூடாது என்பதும், நெருங்கவேண்டி வந்தால் முன்னால் துளைபோட்டு நீர் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நகரவேண்டும் என்பதும் அதற்காகத்தான்.

பாறை வெடிப்பு இன்னொரு வகை. நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலில், மூன்று கிலோமீட்டரையும் தாண்டிய ஆழத்தில், அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவது வழக்கமாக இருந்தது. எந்த நொடியில் வெடிக்கும் என்று சொல்லும் கருவி இன்றுவரை இல்லை. அதிர்வுகளைப் பதிவுசெய்யும் ஜியோபோன்களைப் பாறையில் பொருத்தி, எங்கே அழுத்தம் கூடுகிறது, எங்கே வெடித்தது என்று கண்டுபிடிக்கும் முறையைத் தங்கவயலில் பயன்படுத்தினார்கள். மீட்புக் குழு எங்கே போகவேண்டும், அடுத்த ஷிப்ட் எங்கே போகக் கூடாது என்பது அதனால் தெரியும். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் அங்கேயே தொடங்கப்பட்டதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

எச்சரிக்கை கிடைத்தபின் எங்கே ஓடுவது என்பதும் இதே கேள்வியின் பகுதிதான். சேகோவில் பன்னிரண்டு பேர் இறந்த அதே 2006 ஜனவரியில், 29-ஆம் தேதி, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் எஸ்டர்ஹேசி பொட்டாஷ் சுரங்கத்தில் தீப்பிடித்தது. உள்ளே 72 பேர். வெளியே வர வழியில்லாத நிலையில் அவர்கள் சுரங்கத்துக்குள் கட்டியிருந்த புகலிட அறைகளுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். ஆக்சிஜன், தண்ணீர், உணவு எல்லாம் அங்கே இருந்தன. மறுநாள் 72 பேரும் நடந்து வெளியே வந்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வெடிப்பு ஆபத்து உண்டு, பொட்டாஷில் அப்படியில்லை, இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது என்பது உண்மை. ஆனால் அறை இருந்தது, அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உங்கள் தம்பி முதல் வாரத்திலேயே கேட்க வேண்டியவை சில. ஆபத்து என்று தெரிந்தால் நான் யாரிடம் சொல்லவேண்டும், அவர் யாரிடமும் கேட்காமல் ஆட்களை வெளியேற்றலாமா? இங்கே எச்சரிக்கை வாடையா, விளக்கா, தொலைபேசியா, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், இரவு ஷிப்டிலும் பரிசோதித்தார்களா? ஒப்பந்த ஆட்களையும் அந்தப் பயிற்சியில் சேர்த்தார்களா? வாடை முறை இருந்தால் அதன் மாதிரியை ஒருமுறை முகர்ந்து பார்க்கக் கேட்கட்டும், முகராத வாடையை அடையாளம் தெரியாது. வெளியேற இரண்டு வழிகளையும் வெளிச்சம் இருக்கும்போது ஒருமுறை முழுக்க நடந்து பார்க்கட்டும், பிறகு கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடந்து பழகட்டும். புகையில் கண் உதவாது.

நச்சுக்காற்றிலிருந்து தப்பிக்க இடுப்பில் மாட்டித் தரும் மூச்சுக்கருவியான செல்ஃப் ரெஸ்க்யூவரை, பயிற்சிக்கென்று உள்ள கருவியில், தன் கையால் திறந்து வாயில் வைத்துப் பழகாமல் அவன் இறங்கவே கூடாது. வடிகட்டும் வகை என்றால், கார்பன் மோனாக்சைடை மாற்றும்போது உள்ளே இழுக்கும் காற்று வாய் பொறுக்காத அளவுக்குச் சூடாகும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து அதைப் பிடுங்கி எறிந்து இறந்தவர்கள் உண்டு. சூடு வருகிறது என்றால் வெளியே இருக்கும் காற்று கொல்லும் காற்று, கருவி வேலை செய்கிறது என்று பொருள். எவ்வளவு சுட்டாலும் நல்ல காற்றுக்கு வரும்வரை வாயிலிருந்து எடுக்கக் கூடாது. ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் தொப்பி விளக்கையும் டோக்கனையும் லேம்ப் ரூமில் தானே கொண்டுபோய்க் கொடுக்கட்டும், அவசரம் என்று சக தொழிலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. யார் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று மீட்புக் குழு பார்ப்பது அந்த டோக்கன்களை மாட்டும் பலகையில்தான். வெளியே வந்துவிட்ட ஒருவரைத் தேடி அவர்கள் புகைக்குள் இறங்கிவிடக் கூடாது.